அப்படி ஒருத்தர் இங்கே இல்லை

அடுத்த புதன்கிழமை வந்தால் ஸ்டியரிங்குக்கு நாற்பது வயது. தெருவில் அவளுக்கு அதுதான் பெயர். அரசு மருத்துவமனை ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேலைக்கு நாற்பது நிறைந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. விண்ணப்பம் வாங்கும் கடைசி நாளோ இந்த வெள்ளி, மாலை ஐந்து மணி வரை. அதற்குப் பிறகு தலைகீழாக நின்றாலும் அவளுக்குப் பள்ளிக்கூட வேன்தான், பதினாறு பிள்ளைகள்தான், பின்சீட்டில் வாந்திதான்.

போன வருஷம் வேனில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தபோது ஒன்பதே நிமிஷத்தில் மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள். அங்கே நின்றிருந்த ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வேனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க தப்பான வண்டியில இருக்கீங்கம்மா" என்றார். அன்று முதல் அந்த ஆசை அவளை விடவில்லை.

எல்லாக் காகிதமும் சேர்த்துவிட்டாள், ஒன்றைத் தவிர. இருப்பிடச் சான்றிதழ். உரிமத்தில் இருப்பது அம்மா வீட்டு விலாசம். வாடகை ஒப்பந்தம் கணவனின் அண்ணன் பேரில். ஆகவே வட்டார அலுவலகத்திலிருந்து ஒருவர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்து, உறவுக்காரர் அல்லாத அக்கம்பக்கத்தாரை விசாரித்து, அவள் அங்கேதான் இருக்கிறாள் என்று எழுத வேண்டும். பதினோரு வருஷமாக அங்கேதான் இருக்கிறாள். இதில் என்ன சிக்கல் வந்துவிடப் போகிறது என்று நினைத்தாள், பாவம்.

மூன்று வாரம் நடையாய் நடந்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அலுவலகம், மறுபடி வேன், மறுபடி அலுவலகம். வெள்ளிக்கிழமை சாயங்கால நடைக்கு வேறொரு வேன்காரரை ஏற்பாடு செய்துவிட்டு வந்து நின்றாள். அன்று மூன்று மணிக்குத்தான் கவுன்டர்காரர் ஃபைலைத் தேடி எடுத்துப் பிரித்தார்.

"ரெண்டு தடவை போய் விசாரிச்சிருக்காங்க. அந்த விலாசத்துல அப்படி ஒருத்தர் இல்லைன்னு அறிக்கை வந்திருக்கு."

"அந்த ஒருத்தர் நான்தான் சார். உங்க முன்னாடிதான நிக்கிறேன்."

கவுன்டர்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இங்கே இருப்பது தெரிகிறது, ஆனால் அங்கே இல்லை என்பதுதான் அறிக்கை என்று பொறுமையாக விளக்கினார். மூன்றாவது விசாரணைக்கு இப்போதுதான் ஆள் கிளம்பியிருக்கிறார், அதிலும் இல்லையென்றால் ஃபைலை மூடிவிடுவோம் என்றும் சொன்னார்.

யார் இப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று பல்லைக் கடித்தபடி படியிறங்கியவளுக்கு, கடைசிப் படியில் உறைத்தது. சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபைலும் கையுமாக ஒரு ஆள் தெருவுக்குள் வந்து, யார் எங்கே இருக்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று சிரித்துச் சிரித்துக் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த வாரமே ஆக்கிரமிப்பு என்று சொல்லி எதிர்வீட்டுத் தையல்காரரின் வாசல் தகரத்தைப் பிடுங்கிப் போட்டார்கள். மாடிவீட்டு டீச்சரின் வெளிப்படிக்கட்டில் பாதியை இடித்தார்கள். அன்று மாலையே ஸ்டியரிங் கூட்டம் போட்டாள். இனி ஃபைலோடு யார் வந்து யாரைக் கேட்டாலும் தெரியாது, பார்த்ததில்லை. வந்து கேட்டார்கள் என்பதைக்கூட யாரிடமும் மூச்சு விடக் கூடாது. ஒத்திகைகூட நடந்தது. அவளே ஃபைல்காரராக நடித்தாள், கெஞ்சினாள், மிரட்டினாள். கடைசியாக ஒரு கண்டிப்பும் சொன்னாள்: "நாளைக்கு நானே மாட்டிக்கிட்டு எதிர்ல நின்னு அழுதாலும் யாரும் வாயத் திறக்கக் கூடாது." சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான்.

வேனை எடுத்துக்கொண்டு பறந்தவள், பஸ் நிறுத்தத்தில் ஒரு ஒல்லி மனிதர் பழுப்பு ஃபைலோடு நிற்பதைக் கண்டு பிரேக் போட்டாள். விசாரணைக்காரர் அவர்தான். உங்கள் விலாசத்துக்குத்தான் வருகிறேன், ஏறச் சொல்கிறீர்களே, விதியில் இடமிருக்கிறதா என்று யோசித்தார். பிறகு வெயிலைப் பார்த்தார், ஏறிவிட்டார். பிள்ளைகளின் சின்ன இருக்கையில் முழங்கால் தாடையைத் தொட உட்கார்ந்து வந்தார். தையல்காரருக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிவிடலாம் என்று அவளுக்குக் கை துடித்தது. சாட்சியை முன்கூட்டியே தயார் செய்தால் விசாரணை செல்லாது என்று அவர் தாமாகவே சொல்லிவைத்தார். எடுத்த ஃபோனை மறுபடி பைக்குள் போட்டாள்.

தெருவில் வேன் நிற்க, முன்கதவில் ஸ்டியரிங்கும் பின்கதவில் ஃபைல்காரரும் இறங்கினார்கள். தையல்காரர் அதைப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. மாட்டிக்கொண்டாள் என்றே முடிவு கட்டிவிட்டார்.

"இவங்களத் தெரியுமா?" என்றார் விசாரணைக்காரர்.

"ஜென்மத்துல பார்த்ததில்ல சார்." அப்போது அவர் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தது அவளுடைய சட்டைக்கு.

உண்மையைச் சொல்லுங்கள் அண்ணே, பரவாயில்லை என்று ஸ்டியரிங் கெஞ்சினாள். தையல்காரரின் கண் கலங்கியது. ஒத்திகையில்கூட இவ்வளவு உருக்கமாக அவள் கெஞ்சியதில்லை. அவர் சட்டையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மாடியிலிருந்து டீச்சர் பாதிப் படிக்கட்டில் இறங்கி வந்தார். இந்தத் தெருவில் வேன் ஓட்டும் பெண் யாரும் கிடையாது, வேன் என்று ஒன்று இங்கே வந்ததே கிடையாது என்று வகுப்பில் பாடம் எடுக்கும் குரலில் சொன்னார். சொல்லும்போது அந்த வேன்மேல்தான் சாய்ந்துகொண்டு நின்றார். ஸ்டியரிங்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இவ்வளவு விசுவாசம் எந்த ஜென்மத்தில் யாருக்குக் கிடைக்கும்? அது இன்றைக்கா கிடைக்க வேண்டும்?

மணி நாலேகால். விசாரணைக்காரர் பேனாவைத் திறந்து மூன்றாவது முறையாக 'இல்லை' என்று எழுதப் போனார்.

"யார் சொன்னது இல்லைன்னு?"

கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. அங்கே நின்றது ஓய்வுபெற்ற தட்டச்சர் அம்மாள். நாலு வருஷமாக ஸ்டியரிங்குக்கும் அந்த அம்மாளுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அதனால் கூட்டத்துக்கும் கூப்பிடவில்லை, ஒத்திகைக்கும் கூப்பிடவில்லை. என்ன சொல்ல வேண்டும் என்று தெருவில் சொல்லிக்கொடுக்கப்படாத ஒரே ஆள்.

"பதினோரு வருஷமா இருக்கா. காலையில அஞ்சேகாலுக்கு இந்தத் தகர டப்பாவ என் ஜன்னல் ஓரமா நிறுத்தி உறும விடுவா. ஞாயித்துக்கிழமை மட்டும் கிடையாது. போன மாசம் மூணு நாள் காய்ச்சல்ல படுத்துட்டா, அந்த மூணு நாள்தான் நான் தூங்கினேன். எழுதிக்கோங்க."

உள்ளே போய் ஒரு கட்டு எடுத்து வந்தார். ஏழு புகார் மனுக்களின் கார்பன் நகல்கள். ஒவ்வொன்றிலும், 'மேற்படி விலாசத்தில் நிரந்தரமாகக் குடியிருந்து தொல்லை தந்துவரும்' என்று அச்சுப் பிசகாமல் அடித்திருந்தது. ஒவ்வொன்றின் மேலும் வட்டார அலுவலக முத்திரை. விசாரணைக்காரர் ஏழாவதைத் திருப்பிப் பார்த்தார். 'விசாரிக்கப்படும்' என்று எழுதி, கீழே சுருக்கொப்பம் போட்டிருந்தது அவரேதான்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, சாட்சிக் கையெழுத்துப் போட முடியுமா என்று கேட்டார். தட்டச்சர் அம்மாள் படிவத்தை இரண்டு தரம் வாசித்தார். எதற்கு இது என்றார். ஆம்புலன்ஸ் வேலைக்கு என்று தெரிந்ததும் பேனா அந்தரத்தில் நின்றது. எதிரிக்கு நல்லது செய்யும் காகிதம் என்று இப்போது தெரிந்துபோயிற்று. தானாக இருந்தால் போட்டிருப்பேனா என்று ஸ்டியரிங் யோசித்தாள். போட்டிருக்க மாட்டாள்.

"வேலை கிடைச்சா, இந்த வேன்?"

"அன்னைக்கே பள்ளிக்கூடத்துல ஒப்படைச்சிடுவேன்."

"எங்க போடணும் கையெழுத்து?"

முத்திரை விசாரணைக்காரரின் பைக்குள்ளேயே இருந்தது. அதற்குத்தான் மூன்று வாரம். குறிப்பு என்ற இடத்தில், 'அண்டை வீட்டார் பலமுறை புகார் செய்யும் அளவுக்கு நிலையாகக் குடியிருக்கிறார்' என்று எழுதிக் கொடுத்தார். ஐந்தாக எட்டு நிமிஷம் இருக்கும்போது ஸ்டியரிங் மருத்துவமனைக்குள் நுழைந்தாள். விண்ணப்பம் வாங்கியவர் அந்த வரியில் கொஞ்சம் தயங்கினார், பிறகு கட்டில் சேர்த்து ரசீது கிழித்தார்.

தெருவுக்குத் திரும்பியபோது தையல்காரர் ஓடிவந்து, ரகசியமாக, "விட்டுட்டாங்களா?" என்றார். அவள் சிரித்து முடிக்க நேரமாயிற்று.

கீழ்வீட்டு ஜன்னலில் குரல் கேட்டது. "வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க அக்கா." அக்கா என்று வாயில் வந்துவிட்டது, நாலு வருஷம் கழித்து. வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

"வேலை எப்ப?"

நேர்காணல் இரண்டு மாதம் கழித்து, பிறகு பட்டியல், பிறகு உத்தரவு என்றாள் ஸ்டியரிங். ஆறு மாதம்கூட ஆகலாம்.

"ஆறு மாசம் இந்த டப்பா இங்கதான் உறுமப் போகுதா?" தட்டச்சர் அம்மாள் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னார். மூன்று தாளுக்கு நடுவே இரண்டு கார்பன் வைத்து இயந்திரத்தில் செருகினார். எட்டாவது மனு மருத்துவமனை மேலதிகாரிக்கு. இந்தப் பெண்ணுக்கு உடனே வேலை கொடுக்க வேண்டும் என்று கோரி, 'ஐயா' என்று அடிக்க ஆரம்பித்தார்.