தூக்கம் பத்தாத கிளி

மாமியார் சான்கபே சாகப்போவதாகச் சொல்லிப் படுத்ததிலிருந்து குயவன் புயிகோனுக்கு நிம்மதி போயிற்று. சாதாரணக் காய்ச்சல்தான். ஆனாலும் உறவுக்காரர்கள் கினிப்பன்றி வறுவலும் வேர்க்கடலையுமாக வந்து குவிந்தார்கள். அந்தம்மாள் முனகிக்கொண்டே எதையும் மிச்சம் வைக்கவில்லை.

"அம்மாவுக்குக் கிளின்னா உசுரு. ஒரு கிளிக் குடுவை பண்ணிக் குடுங்களேன்" என்றாள் மனைவி சிஸ்குல்.

புயிகோன் ஆசையாகத்தான் செய்தான். இரட்டைக் குடுவை, சாய்த்தால் உள்ளே ஓடும் நீர் காற்றைத் தள்ள, பறவைத் தலைக்குள் இருக்கும் ஊதல் கத்தும். சூளையைப் பிரித்தபோது அலகு நுனி உடைந்து, கொண்டை இரண்டாகப் பிளந்து காதுபோல் நின்றது. உருண்டைக் கண்கள் அவனையே முறைத்தன.

"ஐயையோ, ஆந்தை!" சிஸ்குல் தலையில் கைவைத்தாள். "செத்தவங்களக் கூட்டிட்டுப் போற பறவைய எங்கம்மாவுக்கா குடுப்பீங்க?"

"கிளிதான்டி. தூக்கம் பத்தாத கிளி."

"கிளி வருதுன்னு அம்மாகிட்ட வேற சொல்லித் தொலச்சிட்டேனே!"

வேறு வழியில்லை. சொந்தபந்தம் சூழ்ந்திருக்க, புயிகோன் பறவையின் முகத்தை உள்ளங்கையால் மறைத்தபடி மாமியாரின் கிண்ணத்தில் சோளக்கள்ளை ஊற்றினான். 'கீ' என்று கத்தவேண்டிய குடுவை, "ஊ... ஊஊ..." என்றது.

மூலையில் ஒரு சித்தி ஒப்பாரியே வைத்துவிட்டாள். சான்கபே விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, நான் கள்ளையே இன்னும் குடிச்சு முடிக்கல. அதுக்குள்ள வழித்துணை அனுப்பிட்டீங்களா?"

"அத்தை, அது கிளி..."

"கிளியா? உங்க மூஞ்சிதான் கிளி!"

அடுப்பிலிருந்த கட்டையை உருவிக்கொண்டு துரத்தினாள். முற்றத்தில் நின்ற சுமை தூக்கும் லாமா ஆடுகள் சிதறி ஓடின. புயிகோன் வாய்க்காலில் விழுந்தான். கரையில் நின்றவளுக்கு வியர்த்துக் கொட்டியது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை.

மறுநாளே அடுத்த தெரு ஆள் ஒருவன் வந்து காதைக் கடித்தான்: "எங்க மாமனாரும் எந்திரிக்கவே மாட்டேங்கிறாரு. அதே மாதிரி ஒண்ணு பண்ணுப்பா."

"கிளியா?"

"ஆந்தைய்யா!"

புயிகோனும் ஆந்தையை நினைத்தேதான் மண்ணைப் பிசைந்தான். சூளையிலிருந்து வந்தது வாத்து. அந்த ஊரில் வாத்தென்றால் போர்வீரர்களின் பறவை. அதைப் பார்த்ததும் மாமனார், சண்டைக்கு அழைப்பு வந்துவிட்டதாக நினைத்துத் தடியைத் தேடி எடுத்தார். நேரே பக்கத்து வயல்காரனிடம் போய், பழைய வாய்க்கால் தகராறைப் புதிதாக ஆரம்பித்தார்.