மேகத்துக்குப் பேரு வைக்கிறவரு

எங்க வீட்டுக்காரரு சாமிக்கண்ணுக்கு மேகத்துக்குப் பேரு வைக்கிறதே பொழப்பு. டுரியான் துங்கால் பக்கம் நாங்க வேலை செய்ற ரப்பர் தோட்டத்துக் கிணறு வறண்டு கெடக்கு. இவரு விடிஞ்சா வானத்தைப் பாத்து, "அது மீன்செதில் மேகம், இன்னிக்கு மழைதான்"ம்பாரு. நானும் நம்பி வாசல்ல குடத்தை வைப்பேன். புழுதிதான் நெறையும்.

அன்னிக்கு, "கருமேகம்"னாரு. "போதும்லா"ன்னு எல்லாக் குடத்தையும் கவுத்துட்டு அவரோட பால்மரம் சீவக் கெளம்பினேன். காட்டுல இருக்கிற கம்யூனிஸ்டுக்காரங்களுக்குப் பயந்து வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம்னு, இப்ப ஊரடங்கு முடிஞ்சுதான் எங்க குடியிருப்பைச் சுத்தின முள்வேலிக் கதவைத் தொறக்கிறாங்க. முந்தி மாதிரி விடியுமுன்ன போயிருந்தா சீக்கிரமே பால் எடுத்து முடிச்சிருப்போம். மரத்துல மாட்டின மங்குக் கிண்ணத்துல பால் சொட்டிக்கிட்டு இருக்கும்போதே மழை ஊத்திருச்சு. அத்தனை பாலும் தண்ணியோட வழிஞ்சு போச்சு.

அவரு நனைஞ்சுக்கிட்டே, "நான் சொன்னேன்ல"ன்னாரு.

அங்க வீட்டு வாசல்ல ஒரு குடம்கூட நிமிந்து நிக்கல.