வாயை மூடியிருந்தவள்

எங்கள் குடியிருப்பில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டுதான் குப்பை கொட்டப் போகிறோம். ஆண்கள் பட்டு வேட்டியில் நடைப்பயிற்சி போகிறார்கள். திரும்பி வரும்போது எல்லோரும் கேட்டின் முன் நின்று வாயை அகலமாகத் திறக்கிறார்கள். கேட் திறக்கிறது.

புதிய கேமரா வந்ததிலிருந்து இப்படித்தான். பழைய கேமரா சும்மா பார்த்துக்கொண்டிருக்கும். புதியதற்குச் செயற்கை நுண்ணறிவு உண்டு. யார் குடியிருப்பவர், யார் அந்நியர் என்று அதுவே முடிவு செய்துவிடும். அதன் முடிவை யாரும் மாற்ற முடியாது. அதைத்தான் பாதுகாப்பு என்கிறார்கள்.

கேமரா பொருத்த வந்தவர்கள் எங்கள் எல்லோருடைய முகத்தையும் கேட்டார்கள். சங்கச் செயலாளர் தணிகாசலத்துக்கு வீடு வீடாக ஏறி இறங்க முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் பொங்கல் வைத்தபோது எடுத்த படம் ஒன்றைக் கொடுத்து அனுப்பிவிட்டார். பானை பொங்கி வழிந்த நொடியில் எடுத்த படம். எல்லோரும் பட்டு உடுத்தி, 'பொங்கலோ பொங்கல்' என்று கூவிக்கொண்டிருக்கிறார்கள். கேமரா எங்களை அப்படித்தான் கற்றுக்கொண்டது.

முதல் மாடி பானுமதி அம்மா படத்தில் தூணுக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தார். அவருடைய இடது பாதிக்கு மட்டும் கேட் திறக்கும். வலது பாதி காவலர் அறையில் உட்கார்ந்து வார இதழ் படிக்கிறது. அவர் குறை சொல்லவில்லை. இப்போது மூட்டுவலியும் பாதிதானாம்.

நானும் அந்தப் படத்தில் இருக்கிறேன். ஓரத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில். நான் மட்டும் வாயை மூடியிருக்கிறேன். வேறெங்கோ பார்க்கிறேன்.

ஏழு நாட்களாக எனக்குக் கேட் திறக்கவில்லை. முதல் நாள் நானும் பட்டு உடுத்தி வாயைத் திறந்து நின்றேன். 'நாற்பது சதவீதம். இவர் நடிக்கிறார்' என்று திரையில் எழுத்து வந்தது.

அதிலிருந்து காவலர் அறையில் இருக்கிறேன். பானுமதி அம்மாவின் வலது பாதியும் நானும் ஒரே பெஞ்சில் உறங்குகிறோம். கேமரா ஒவ்வொரு முறை என்னை மறுக்கும்போதும் கேட்டுக்கும் லிஃப்டுக்கும் நடுவே கார் நிறுத்த ஓர் இடம் கூடிவிடுகிறது. நேற்றோடு இருநூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. கார் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்தால் அன்பாகத் தலையசைக்கிறார்கள்.

மூன்றாவது மாடியில் எங்கள் வீட்டில் என் கணவர் மௌலியும் எட்டு வயது மகள் கயலும் இருக்கிறார்கள். சகாயமும் இருக்கிறார். அவர் சிலிண்டர் போடுபவர். படம் எடுத்த நொடியில் தோளில் சிலிண்டரோடு மௌலியின் பக்கத்தில் நின்று, மரியாதைக்காக அவரும் கூவியிருக்கிறார். எங்கள் வீட்டில் மூன்று பேர் என்பது கேமராவுக்குத் தெரியும். மூன்றாவது ஆள் சகாயம் என்று அது முடிவு செய்தது. அவர் கூச்ச சுபாவம் உள்ளவர். சோபாவில் உட்காராமல் சிலிண்டர் மேலேயே உட்காருகிறாராம்.

ஏழாம் நாளான இன்று மாலை ஆறு மணிக்குள் அடையாளம் தெரியாவிட்டால் கேமரா என்னை அழித்துவிடும். அதன் பிறகு கயலுக்கு அம்மா இருந்ததாக எந்தப் பதிவும் இருக்காது. காலையில் மௌலியைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"ஏங்க, செயலாளர்கிட்ட பேசினீங்களா?"

"பேசினேன். கேமராகிட்ட பேசச் சொல்றாரு."

"கேமரா என்ன சொல்லுது?"

"நான் சந்தோஷமா இருக்கேன்னு சொல்லுது. தொண்ணூத்தி மூணு சதவீதம்."

"இருக்கீங்களா?"

"தெரியல சுகந்தி. அது சொன்னா சரியாத்தான் இருக்கும்." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார். "சகாயம் சப்பாத்தி போடறாரு. மெல்லிசா வருது."

"கயல் என்ன பண்றா?"

"கேட் பக்கம் இருக்கிற ஜன்னல்லயே நிக்கிறா. சாப்பிடக் கூப்பிட்டாலும் வர மாட்டேங்கிறா."

நான் போனை வைத்துவிட்டேன்.

நான்கு மணிக்குத் தணிகாசலம் ஒரு படிவத்தோடு வந்தார். பட்டு வேட்டி கசங்கியிருந்தது. ஏழு நாளாக ஒரே வேட்டி.

"இதுல உங்க பேரு, வீட்டு எண், பொங்கல் அன்னிக்கு என்ன நெனச்சுக்கிட்டு இருந்தீங்க, எல்லாத்தையும் எழுதிக் கொடுங்கம்மா."

"என்ன நெனச்சேன்னு எதுக்கு சார்?"

"மத்தவங்க எல்லாம் கூவினாங்க, அதனால அவங்க கூவினா போதும். நீங்க ஏதோ நெனச்சுக்கிட்டு நின்னுருக்கீங்க. அதையே நெனச்சாதான் அந்த மூஞ்சி வரும்."

"எனக்கு ஞாபகம் இல்லையே சார்."

"அதுக்கு ஞாபகம் இருக்கு." கேமராவைப் பார்த்துப் பணிவாகச் சிரித்துவிட்டு, இருநூற்றுப் பன்னிரண்டு இடங்களையும் தாண்டி நடந்து போனார். சிறிதாகிக்கொண்டே போய்ப் புள்ளியானார்.

காவலர் செல்லப்பாண்டி மானாமதுரைக்காரர். முன்பு பள்ளிக்கூடத்தில் கபடி சொல்லிக்கொடுத்தவர். திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டார்.

"நீங்க பாட்டுக்கு நெனைங்க மேடம். நான் சதவீதத்தைச் சொல்றேன்."

நான் கேட்டின் முன் நின்றேன். பால் அடுப்பை அணைத்தேனா என்று நினைத்தேன்.

"அறுபத்தி ஒண்ணு."

கல்லூரியில் ஊதா நிறச் சைக்கிள் வைத்திருந்த தோழியை நினைத்தேன்.

"எழுபது. விடாதீங்க."

மாமியாரை நினைத்தேன்.

"அய்யய்யோ. என்னத்த நெனச்சீங்க? முப்பதுக்கு எறங்கிருச்சு."

"மாமியாரை."

"அது வேணாம் மேடம். நமக்கு நேரமில்ல."

கயலை நினைத்தேன். ஜன்னலில் நிற்கும் கயலை. உள்ளே போக வேண்டும், அவளுக்குத் தலை வாரிவிட வேண்டும் என்று உடம்பு முழுவதும் நினைத்தேன்.

"பன்னெண்டு," என்றார் செல்லப்பாண்டி மெதுவாக.

மணி ஐந்தேமுக்கால். பானுமதி அம்மாவின் வலது பாதி இதழை மூடி வைத்துவிட்டு, மேசை மேல் இருந்த பொங்கல் படத்தை எடுத்து என்னிடம் நீட்டியது.

படத்தில் லிஃப்டின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே யாருமில்லை. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அப்போது நினைவு வந்தது. எல்லோரும் கூவிக்கொண்டிருந்தார்கள். யாரும் என்னைப் பார்க்கவில்லை. இப்போது இதில் ஏறினால் ஐந்தாவது மாடியைத் தாண்டியும் போகலாம் என்று நினைத்தேன். எங்கள் கட்டடத்தில் ஐந்து மாடிகள்தான். அதற்கும் மேலே எனக்கு ஓர் அறை. ஒரு ஜன்னல், ஒரு நாற்காலி. அங்கே குக்கர் இல்லை. மௌலி இல்லை. கயலும் இல்லை. அந்த இடத்தில் கொஞ்சம் தயங்கினேன். பிறகு அதையும் தாண்டி நினைத்தேன். நன்றாக இருந்தது.

இதைப் படிவத்தில் எழுத முடியாது.

படத்தை வைத்துவிட்டுக் கேட்டின் முன் போய் நின்றேன். உள்ளே போவதற்காக, உள்ளே போக வேண்டாம் என்று நினைக்க வேண்டியிருந்தது. மனதார நினைக்க வேண்டும். இல்லையென்றால் நடிக்கிறேன் என்று எழுதிவிடும்.

அறையை நினைத்தேன்.

"எம்பத்தி நாலு."

நாற்காலி. ஜன்னல். குக்கர் இல்லாத சத்தம்.

"தொண்ணூத்தி ரெண்டு. நின்னுருச்சு மேடம். ஏறல. இன்னும் ரெண்டு நிமிஷந்தான் இருக்கு."

எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும். மூன்றாவது மாடி ஜன்னலை நிமிர்ந்து பார்க்காமல் இருந்தேன். மன்னிச்சுக்கோ கண்ணு என்று சொல்லிவிட்டு, அதையும் தாண்டி நினைத்தேன்.

"நூறு!" செல்லப்பாண்டி நாற்காலியிலிருந்து குதித்தார். "கபடி, கபடி, போங்க, போங்க!"

கேட் திறந்தது. திரையில் 'சுகந்தி. குடியிருப்பவர். ஆறாவது மாடி' என்று வந்தது.

"ஆறாவதா? நம்ம கட்டடத்துல ஏது ஆறாவது?" என்றேன்.

"அது சொன்னா இருக்கும் மேடம்," என்றார் செல்லப்பாண்டி.

அத்தனை கார் இடங்களும் என் காலடியில் சுருங்கின. பதினாறு எட்டில் லிஃப்டை அடைந்தேன். உள்ளே ஐந்து பொத்தான்கள் இருந்தன. மூன்றை அழுத்தினேன். லிஃப்ட் மூன்றில் நிற்கவில்லை. ஐந்திலும் நிற்கவில்லை.

அறை நான் நினைத்த அளவில் இருந்தது. ஜன்னல், நாற்காலி, சுவரில் காவலர் அறையோடு பேசும் போன். நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு இதுதான் முதல் முறை. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மடியில் வைத்தேன். நன்றாகத்தான் இருந்தது.

நான்கு நிமிடம் அப்படி இருந்தது. பிறகு கயலின் தலை நினைவுக்கு வந்தது. ஏழு நாள் சிக்கு. சகாயம் சீப்பை எங்கே தேடுவார்?

எழுந்து லிஃப்டின் பொத்தானை அழுத்தினேன். இந்த மாடியில் பொத்தான் சுவரில் வெறுமனே வரையப்பட்டிருந்தது.

போன் அடித்தது.

"மேடம், செல்லப்பாண்டி பேசறேன். உங்களப் பாக்க மூணு பேரு வந்திருக்காக."

"யாரு?"

"ஒரு சாரு, ஒரு பாப்பா, சிலிண்டரோட ஒருத்தரு. கையில சப்பாத்தி இருக்கு."

"என்ன விஷயமாம்?"

"கேட்டேன். சாரும் சிலிண்டரும் வாயத் தொறந்தபடியே நிக்கிறாக. ஒண்ணும் வெளங்கல. அவுகளை மூணாவதுக்கு மேல விட மாட்டேங்குது."

"பாப்பா?"

அவர் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. திரையைப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

"பாப்பா வாயத் தொறக்கவே இல்ல மேடம். கம்முனு வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்குது. கேமரா அதை நீங்கன்னு சொல்லுது."

"எத்தனை?"

"நூறு."

எட்டு வயதில் இவள் எந்த அறையை நினைத்தாள் என்று கேட்க ஆசையாக இருந்தது. கேட்கக் கூடாது என்றும் தெரிந்தது.

"பாப்பாவை அனுப்புங்க செல்லப்பாண்டி. சீப்பு இருந்தா குடுத்து விடுங்க. சாரை வந்தவங்க நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு உக்காரச் சொல்லுங்க."

"என்ன உறவுன்னு எழுதட்டும் மேடம்?"

"அவரையே நெனச்சுப் பாத்து எழுதச் சொல்லுங்க."

போனை வைத்தேன். கீழே எங்கோ லிஃப்ட் கிளம்பும் சத்தம் கேட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மூன்றில் நிற்கவில்லை. கதவுக்கு நேராகப் போய் நின்று, புடவையைச் சரி செய்துகொண்டு, கயலுக்கு என்னை அடையாளம் தெரிய வேண்டுமே என்று வாயை அகலமாகத் திறந்தேன்.