முதல் அட்டவணை

"அப்பா, முழுப் பக்கத்தையும் வாங்கிட்டு கொஞ்சத்தை மட்டும் எடுத்துக்கறியே, மீதிய யாரு படிப்பா?" என்று கணினித் திரையைப் பார்த்து மகள் ஒருநாள் கேட்டாள்.

"மீதி நமக்கு வேண்டாம், செல்லம்" என்றார் அப்பா.

ஊரில் கலவரம் தொடங்கியதிலிருந்து, எந்தச் சாலை திறந்திருக்கிறது என்று போலீஸ் தன் இணையப் பக்கத்தில் போட்டுவந்தது. அவர் எழுதிய சின்ன ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அந்தப் பக்கத்தை வரவழைத்து, அதிலுள்ள முதல் அட்டவணையை மட்டும் பிரித்தெடுத்து, பால்வண்டி ஓட்டுநர்களின் போனுக்கு அனுப்பும். அவர்களில் ஒருவன் அவர் மனைவியின் தம்பி.

"மாமா, பாலத்தெரு திறந்திருக்குன்னு வந்திருக்கே, நம்பிப் போலாமா?" அந்தத் தெருமுனையில் வண்டியைத் திருப்பிக்கொண்டே ஒருநாள் போனில் கேட்டான்.

"உன் மாமியார் வீட்டுக்குப் போற மாதிரி போ மாப்ள."

"அப்ப அடி நிச்சயம்" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு அடங்குமுன் கண்ணாடி நொறுங்கியது. "வெளிய இழுடா அவன!" என்று பல குரல்கள். இரும்பு எலும்பில் விழும் ஓசை. "மாமா!" என்ற அலறல் பாதியில் அறுந்தது.

அவர் பக்கத்தைத் திறந்து தன் கண்ணால் பார்த்தார். அன்று காலை போலீஸ் மேலே புதிதாக ஓர் அட்டவணை சேர்த்திருந்தது: போகவே கூடாத தெருக்கள். திறந்த சாலைகள் இரண்டாவதாக இறங்கியிருந்தன. நிரல் தலைப்பைப் பார்க்கவில்லை. முதலில் இருந்ததை எடுத்து அனுப்பிவிட்டது.

நிரலை நிறுத்தினார். மற்ற ஓட்டுநர்களைப் போனில் எச்சரித்துக்கொண்டே பாலத்தெருவுக்கு ஓடினார்.

கும்பல் அடுத்த தெருவுக்கு நகர்ந்திருந்தது. கவிழ்ந்த வண்டியிலிருந்து வழிந்த பால் சிவந்து ஓடியது. நசுங்கிய ஷட்டருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "பால்வண்டிப் பையன் இங்க இருக்கான். சத்தம் போடாம குனிஞ்சு வாங்க."

தையற்கடைக்காரர். தலை பிளந்து கிடந்தவனை உள்ளே இழுத்துப் போட்டு, காயத்தில் துணியை அழுத்திக்கொண்டிருந்தார், இடது கையால். வலது கையைக் கம்பியால் அடித்து முறித்திருந்தார்கள்.

"உங்க கை..."

"இவன் மூச்சப் பாருங்க முதல்ல."

மச்சினன் பிழைத்தான். கடவுள் அன்று ஒரு தையற்காரரின் வடிவில் வந்தார் என்றே அவர் நம்பினார். அட்டவணையைத் தலைப்பை வைத்துத் தேடும்படி நிரலைத் திருத்தினார். தலைப்பு இல்லையென்றால் எதையும் அனுப்பாதே என்றும் எழுதினார்.

கலவரம் ஓய்ந்தபின் ஒரு விடியற்காலை, தெரு விழிக்குமுன், பூட்டிக் கிடந்த அந்தக் கடைக்குப் போனார். தையற்காரர் இன்னும் ஆஸ்பத்திரியில் இருந்தார். ஷட்டரின் வளைவுகளைத் தட்டி நிமிர்த்தினார். ஒற்றைக் கையால் தூக்கினாலும் ஏறும்படி அதன் தடத்துக்கு எண்ணெய் விட்டார். பிறகு மண்டியிட்டு, படியில் காய்ந்திருந்த ரத்தத்தைக் கழுவத் தொடங்கினார்.