கொலுசு வந்தாச்சு

இட்லித் தட்டின் குழிகளில் திருகாணிகள் கிடந்தன, குழிக்கு ஓர் அளவாக. சாப்பாட்டு மேசையில் தன் பழைய கைப்பேசியின் முதுகைப் பிளந்து வைத்துக்கொண்டு ரத்னவேல் புது பேட்டரியைப் பதித்துக்கொண்டிருந்தார்.

“இட்லியை நான் எதுல ஊத்துறது, உள்ளங்கையிலயா?” என்றாள் பஞ்சவர்ணம்.

“இன்னிக்கு தோசை சுடு லா, வர்ணம். இது கலைஞ்சா அவ்வளவுதான்.”

முணுமுணுத்துக்கொண்டே சுட்டாள். “சாயங்காலம் வந்து மூடிடுறேன், எதையும் தொடாத” என்று சொல்லிவிட்டு சாங்கி விமான நிலையத்துக்கு வேலைக்குப் போனவர், சரக்குக் கிடங்கில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

வாங்கிய பொருளை வாங்கியபடி விட்டுவைப்பது அவருக்குப் பாவம். மின்விசிறி அவர் சொல் கேட்கும். பஞ்சவர்ணம் சொன்னால் கேட்காது. மடிக்கணினிக்கு ‘யானை’ என்று பெயர், வைஃபைக்கு ‘வம்பு’. அவளுடைய கைப்பையின் அடித்துணி கிழிந்தபோதுகூட, தானே தைக்கிறேன் என்று பிடுங்கிக்கொண்டு போய், கருப்புப் பைக்கு நீல நூல் போட்டுக் கோணல்மாணலாகத் தைத்துக் கொடுத்தார். அந்தத் தையலைச் சொல்லி அவள் நெடுநாள் சிரித்தாள்.

இன்னொன்றும் உண்டு. வேலை முடிந்து அவள் ஈசூன் வீட்டு லிஃப்டை விட்டு இறங்கினால் போதும், அழைப்பு மணியைத் தொடுமுன் கதவைத் திறந்து நிற்பார். “எப்படித்தான் தெரியுது?” என்றால், “உன் நடை எனக்குத் தெரியாதா?” என்பார். எதையும் எளிதில் நம்பாத பஞ்சவர்ணம் இதை மட்டும் நம்பினாள்.

காரியமெல்லாம் முடிந்து அவள் மறுபடி மருந்தகத்து வேலைக்குப் போய்த் திரும்பிய முதல் நாள், சாவியைப் பூட்டில் நுழைக்கும்போதே உள்ளே ஏதோ உறுமிக்கொண்டிருந்தது. மேசைமேல் அவருடைய கைக்கடிகாரம். மருத்துவமனையில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தது. அவர் வைக்கும் இடத்திலேயே தினமும் சார்ஜ் போட்டு வைத்திருந்தாள். அதன் முகத்தில் இரண்டே சொற்கள்.

கொலுசு வந்தாச்சு.

பஞ்சவர்ணம் வாழ்நாளில் கொலுசு போட்டதில்லை.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். அவள் வீடு திரும்பும் நேரம் பார்த்து யாரோ கேலி செய்வதுபோல் அதே இரண்டு சொற்கள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டோடு இருந்தபோது ஒன்றும் வரவில்லை. அந்த மகராசிக்கு ஞாயிறு விடுமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். எங்கே வந்தாச்சு? யார் வீட்டுக்கு? அழவேண்டிய நாளில் அழ முடியாமல், படத்திலிருந்த ரத்னவேலை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடமாடினாள்.

தெரிந்திருந்தால் ஒருவனுக்குத்தான் தெரிந்திருக்கும். இளமாறன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மென்பொருள் வேலைக்கு வந்து மார்சிலிங்கில் அறை எடுத்திருப்பவன். சனிக்கிழமைதோறும் வந்து ரத்னவேலோடு மேசையில் எதையாவது பிரித்துப்போட்டுக் கட்டி அழுவான்.

அவனே ஒருநாள் கூப்பிட்டான். “அக்கா, அண்ணனோட பழைய போனெல்லாம் சும்மா கெடக்குதே. தேக்காவுல ரஃபீக் கடையில குடுத்தா எல்லாத்தையும் அழிச்சுக் குடுப்பான். நான் மட்டும் போயிட்டு வந்துடுறேன்.”

எதை அழிக்க? ஏன் நீ மட்டும்?

“நானும் வர்றேன்” என்றாள்.

அணைந்து கிடந்த பழைய கைப்பேசிகளை ஒரு துணிப்பையில் அவளே எடுத்துக்கொண்டாள். ஈசூனில் அவளோடு ரயில் ஏறி அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். பேச்சைத் தவிர்க்க, ரத்னவேலின் காதொலியை எடுத்துத் தன் கைப்பேசியோடு இணைக்கப் பார்த்தாள். அருகிலிருக்கும் கருவிகளின் பட்டியல் விரிந்தது. யார் யாருடைய பெயர்களோ. நடுவில், தமிழில், ‘கொலுசு’.

பெட்டியில் ஏறுவோர் ஏறினார்கள், இறங்குவோர் இறங்கினார்கள். மற்ற பெயர்கள் மாறின. அது மட்டும் அசையவில்லை. அவளோடு ஈசூனிலிருந்து வருகிறவன் ஒருவன்தான்.

தேக்காவுக்குப் போக லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் அவனைக் காப்பிக் கடையில் உட்காரவைத்தாள். தேநீர் வந்தது. அவள் தொடவில்லை.

“இளமாறா, பையைக் கொட்டு.”

“என்னக்கா?”

“எங்க வீட்டுக்காரர் பொருள் ஒண்ணு உன்கிட்ட இருக்கு. அதுல ஒருத்தி இருக்கா. கொட்டுன்னேன்.”

பக்கத்து மேசைக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். இளமாறன் முகம் சிவக்கப் பையைக் கவிழ்த்தான். சாப்பாட்டு டப்பா, குடை, சார்ஜர், பிரிக்காத ஒரு பொட்டலம்.

“இது ஜட்டிக்கா. இதையும் பிரிக்கணுமா?”

“கொலுசு யாருடா?”

அவன் கை நின்றது. அவள் நீட்டிய கைப்பேசியைப் பார்த்தான். சிரிக்கப்போனவன், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். தன் கைப்பேசியில் எதையோ திறந்து மேசைமேல் மெதுவாக நகர்த்தினான். அவன் பொருள்களின்மேல் கொண்டுபோனபோது திரையில் அலையின் வலுவைக் காட்டும் கோடு படுத்தே கிடந்தது. அவள் மடிக்குக் கிட்டே வந்ததும் விறுவிறுவென்று ஏறியது.

“உங்க கைப்பைதான்க்கா. அடித்துணியைத் தடவிப் பாருங்க.”

நீலத் தையலுக்குக் கீழே, விரலுக்குப் பொத்தான்போல் ஒன்று தட்டுப்பட்டது.

“அதுதான்க்கா கொலுசு. லிஃப்ட் கதவு திறந்து நீங்க காலை வெச்சா அண்ணன் வாட்ச் அதிரும். அதுக்கான புரோகிராமை நாங்க ரெண்டு பேரும்தான் எழுதினோம். பேரு அவரு வெச்சது.”

அவள் விரலை எடுக்கவில்லை. “என் நடை தெரியும்னாரு.”

“தெரிஞ்சுதான்க்கா இருந்துச்சு. அப்புறம் காது மந்தமாயிடுச்சு. ரெண்டு வருஷம் ஆச்சு. உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினாரு. ‘அவ வந்ததும் கதவைத் திறக்கலைன்னா கண்டுபிடிச்சுடுவாடா’ன்னாரு.”

அடுக்களையிலிருந்து கூப்பிட்டால் பதில் வராத நாட்கள் அவள் நினைவுக்கு வந்தன. திமிர் என்று நினைத்து அவள் பாத்திரங்களை ஓசைப்படுத்திய நாட்கள். அந்த ஓசையும் அவருக்கு எட்டியிருக்காது.

“இன்னும் என்னென்ன மறைச்சீங்க ரெண்டு பேரும்?”

“வேற ஒண்ணும் இல்லக்கா. சத்தியமா.”

“உன் சத்தியத்தைத்தான் இப்பப் பார்த்தேனே” என்றாள். ஆனாலும் அவன் டப்பாவை எடுத்து அவன் பையில் அவளே வைத்தாள். “தே ஆறுது, குடி. சனிக்கிழமை வா. அந்தப் போனை மூடித் தரணும், இட்லித் தட்டு வேணும் எனக்கு.”

பழைய கைப்பேசிகளை ரஃபீக்கிடம் கொடுக்கவில்லை. வந்தபடியே திரும்பினாள்.

லிஃப்ட் கதவு திறந்தபோது அவள் உடனே இறங்கவில்லை. இளமாறன் சொன்னதை முழுதாக நம்பிவிட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். வெறுங்காலோடு, மூச்சைப் பிடித்து, துளி சத்தமில்லாமல் நடைபாதையில் கால் வைத்தாள்.

உள்ளே மேசைமேல் கடிகாரம் அதிர்ந்தது.