அடிப்பிடித்த கூழ்

ஆடி மூன்றாம் ஞாயிறு. கச்சிராயபாளையத்தை ஒட்டிய அந்தச் சின்ன ஊரில் வீட்டுக்கு ஒரு பானைக் கூழ் மாரியம்மன் கோயில் அண்டாவுக்குப் போயாக வேண்டும். எல்லாம் ஒன்றாகக் கலந்த பிறகு எது யார் வீட்டுக் கூழ் என்று அம்மனே கேட்க மாட்டாள்.

கொளஞ்சியம்மாள் விடிந்ததிலிருந்து ஓர் இடத்தில் நிற்கவில்லை. போன வருஷம் மகள் ஷாலினிக்கு அம்மை போட்டிருந்தபோது, தன் கை உழைப்பில் வந்த தானியத்தில் கூழ் ஊற்றுவதாக வேண்டியிருந்தாள். அதற்கென்றே வெள்ளிமலைக்குப் போய்க் கதிர் அறுத்து, கூலியாக வாங்கி வந்த கேழ்வரகு அது. இரண்டு படி. வேறு மணி கிடையாது.

தெருமுனையில் பம்பைச் சத்தம் கேட்டதும் அடுப்பில் கூழ் கிண்டிக்கொண்டிருந்த துடுப்பைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள். கரகம் வரவில்லை. உள்ளே வந்து இரண்டு சுற்றுக் கிண்டினாள்; மறுபடி ஓடினாள். மூன்றாம் முறை பக்கத்து வீட்டுப் பாப்பாத்தியிடம் விசாரித்துக்கொண்டிருந்தபோது வாடை வந்துவிட்டது. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள். இவள் கையோ பானைப் பக்கமே போகவில்லை.

"இன்னாடி, தீயுது?"

"அடிப்புடிச்சிபோச்சிக்கா."

"எங்க வூட்டுல கரைச்ச மாவு மிச்சம் இருக்குது. காச்சி எடுத்துக்கினு போ."

"உங்க வூட்டு மாவுல என் வேண்டுதல் எப்பிடிக்கா தீரும்?"

தீய்ந்த கூழையே பானையோடு தூக்கிக்கொண்டு கொளஞ்சி கிளம்பினாள்.

கோயில் வரிசையில் பானையை இடுப்பு மாற்றி இடுப்பு வைத்துக்கொண்டு நின்றாள். ஊற்றினால் ஊர்க்கூழ் முழுக்கத் தீய்ந்த வாடை அடிக்கும். ஊற்றாவிட்டால் அம்மனுக்குச் சொன்ன சொல் போச்சு. முறை வந்ததும் ஒதுங்கிப் போய், பானையை வேப்பமரத்தடியில் வைத்துத் தட்டால் மூடினாள். அண்டாவைக் கிண்ட ஆள் தேடினார்கள். கை சும்மா இருந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து, துடுப்பைத் தானே வாங்கிக்கொண்டாள். கிண்டும்போதும் கண் மரத்தடிக்கே போய்ப் போய் வந்தது.

மதியம் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்த பிறகு வெள்ளிமலையிலிருந்து சின்னக்கண்ணு என்பவர் வந்து சேர்ந்தார். மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டதாம். மூன்று நாள் விரதம். இந்த அம்மன் கூழைக் குடித்துத்தான் முடிக்க வேண்டும். காலிச் சொம்போடு கவிழ்ந்த அண்டாவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கொளஞ்சி மரத்தடிக்கு நடந்தாள். பாதியில் திரும்பிப் பூசாரி கண்ணாயிரத்திடம் வந்தாள்.

"சாமி, என்னாண்ட ஒரு பானை இருக்குதுங்க. தீஞ்சது. ஆத்தாளுக்கு இன்னும் காட்டல."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பது பழமொழி. கண்ணாயிரம் அன்றைக்கு அதைப் பொய்யாக்கினார். பானையைத் தூக்கிப் போய் அம்மன் எதிரில் வைத்து, வேப்பிலை போட்டு, கற்பூரம் காட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்.

கொளஞ்சி ஊற்றினாள். சின்னக்கண்ணு மூச்சு விடாமல் குடித்தார்.

"தீஞ்சிதான் இருக்குது," என்றார்.

அவள் தலை குனிந்தாள். அவர் சொம்பை மறுபடி நீட்டினார்.

"அடியில காந்தல் இருக்குமே. அதயும் சுரண்டிப் போடும்மா."

விடிந்ததிலிருந்து ஓடிய கால்கள் மடங்கின. கொளஞ்சி மண்ணில் உட்கார்ந்து, பானையை மடியில் சாய்த்துக்கொண்டு சுரண்டத் தொடங்கினாள்.