மெஷினுக்குக் காவல்

என் அண்ணன் ஏழு என்ற எண்ணை எழுதினால் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவேன். நடுவில் ஒரு குறுக்குக் கோடு இழுத்து, அதன் நுனியைக் கொஞ்சம் மேலே தூக்கி விடுவான். அந்த ஏழு என் வைண்டிங் மெஷினின் காலடியில், மஞ்சள் பெயின்டில், புத்தம் புதிதாக இருந்தது. கை தவறி விழுந்த கத்தரிக்கோலை எடுக்கக் குனிந்தபோதுதான் பார்த்தேன்.

நாங்கள் ஃபேன் மோட்டார் செய்கிறவர்கள். செம்புக் கம்பியைச் சுருள் சுருளாகச் சுற்றுவது என் வேலை. அண்ணன் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடும் இருந்தது. மெஷினின் கால்மேல் பாதி, அது உட்கார்ந்திருக்கும் இரும்புப் பலகைமேல் பாதி. ஃபிட்டர்கள் இந்தக் கோட்டை ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போடுவார்கள். மெஷினைக் கழற்றி வேறு இடத்தில் மறுபடி பூட்ட வேண்டுமென்றால், எது எதோடு சேரும் என்று குழம்பாமல் இருப்பதற்காக. எனக்கு எப்படித் தெரியும் என்றால், மகளைக் கூட்டிக்கொண்டு நான் அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிவந்தபோது என் கட்டிலையும் பீரோவையும் அவன் இப்படித்தான் சாக்பீஸால் குறி போட்டுக் கழற்றினான். மாடியில் பூட்டிய பிறகு கட்டில் முன்னைவிட ஆடாமல் நின்றது.

அன்றைக்கு என் கத்தரிக்கோல் பலமுறை கீழே விழுந்தது. பாத்ரூம் போகிற வழியில், தண்ணீர் குடிக்கப் போகிற வழியில் என்று ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் விழுந்தது. எல்லாக் காலிலும் மஞ்சள் கோடு. கம்பெனி வேறு மாநிலத்துக்குப் போகப்போகிறது என்ற பேச்சு ரொம்ப நாளாகவே இருந்தது. கேட்கும்போதெல்லாம் மேனேஜர் சிரித்து, தோளைத் தட்டி, எங்கள் காதில் பூ சுற்றி அனுப்பிவிடுவார். பூவுக்கும் பஞ்சமில்லை, காதுக்கும் பஞ்சமில்லை.

வேறு மாநிலம் என்ற வார்த்தையே எனக்கு ஆகாது. என் வீட்டுக்காரர் அப்படித்தான் போனார். நல்ல வேலை, ஆறு மாதத்தில் உங்களையும் கூட்டிக்கொள்கிறேன் என்றார். அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்று ஊரெல்லாம் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரிந்துகொண்டவள் நான். அதற்குப் பிறகு ஒருவர் நேரம் என்ன என்று கேட்டாலும், எதற்காகக் கேட்கிறார் என்று யோசிக்கிற புத்தி எனக்கு வந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணன் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தான். நக இடுக்கில் மஞ்சள். மெதுவாக வாயைக் கிண்டிப் பார்த்தேன்.

"என்னண்ணா, மெஷினுக்கெல்லாம் பெயின்ட் அடிக்கிறியாமே?"

"மெயின்டனன்ஸ்மா. வருஷா வருஷம் பண்றதுதான்."

வருஷா வருஷம் அந்த மெஷினிலேயே உட்கார்ந்திருக்கிற என்னிடம் சொன்னான். நான் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனேன். போனேனே தவிர, காதும் கண்ணும் கீழேயே இருந்தன.

அதற்குப் பிறகு எல்லாமே தப்பாகப் பட்டது. அண்ணன் சாப்பிட்டதும் போனை எடுத்துக்கொண்டு, காதில் வயரை மாட்டி, சுவரைப் பார்த்து ஏதோ முணுமுணுப்பான். ஒருநாள் துணி எடுக்க வந்த சாக்கில் பின்னால் நின்று கேட்டேன். 'தண்ணீர் எங்கே, பஸ் எங்கே' என்று இன்னொரு பாஷையில் சொல்லிப் பழகிக்கொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் என் அண்ணனுக்குப் பாஷைப் பித்து பிடித்தது என்றால் நம்ப நான் தயாராக இல்லை. அண்ணி வேறு என் மகளிடம் தேனாகப் பேச ஆரம்பித்தாள். மாடிப்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டால்கூடத் திட்டுகிற அண்ணி அவள்.

பிறகு ஒரு ஆள் வந்தார். தண்ணீர்த் தொட்டி பார்க்க வந்திருக்கிறார் என்றாள் அண்ணி. தொட்டியைப் பார்க்க வந்தவர் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்த்தார், சுவரைத் தட்டிப் பார்த்தார், என் அறையில் நின்று கிழக்கு எது என்று கேட்டார். தொட்டிக்கு எதற்கய்யா கிழக்கு? நான் கேட்கவில்லை. கேட்டால் அண்ணி ஒரு பதில் தயாராக வைத்திருப்பாள் என்று தெரியும்.

எனக்கு இருந்தது இரண்டே இரண்டு. அண்ணன் வாங்கிக் கொடுத்த வேலை, அண்ணன் கொடுத்த மாடி. கம்பெனி போனால் வேலை போகும். அண்ணனும் கூடவே போய் வீட்டை விற்றுவிட்டால், பள்ளிக்கூடம் போகிற பெண்ணோடு நான் நடுத்தெருவில் நிற்க வேண்டும். எல்லாம் முடிவாகிவிட்டது, என்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று நினைத்தபோது பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. இந்த முறையாவது கடைசி ஆளாக இருக்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

எனக்குப் பக்கத்து மெஷினில் ஒருத்தி. அவளுக்கு நாங்கள் வைத்த பேர் ரேடியோ. அவளிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் பிறகு யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது. டீ இடைவேளையில் அவளைக் குனியச் சொல்லி மஞ்சள் கோட்டைக் காட்டினேன். கோட்டுக்கு அர்த்தமும் சொன்னேன். யார் எழுத்து என்று அவள் கேட்டாள். கொஞ்சம் மென்று முழுங்கினேன். பிறகு சொல்லிவிட்டேன்.

மறுநாளே சங்கச் செயலாளர் ஆட்களோடு மேனேஜர் அறைக்குள் போனார். மேனேஜர் எல்லாம் வதந்தி என்றாராம், டீ வாங்கிக் கொடுத்தாராம். வெளியே வந்த செயலாளர் எங்களைக் கூட்டி வைத்துச் சொன்னது இதுதான்: "ஒரு மெஷின் இந்த வாசலைத் தாண்டக் கூடாது. மெஷின் இருக்கற வரைக்கும்தான் கம்பெனி."

எல்லாருக்கும் அது வேதவாக்காகப் பட்டது. எனக்கும்தான். எங்களுக்குக் கம்பெனி என்றால் மெஷின்தான். முதலாளியை நாங்கள் பார்த்ததில்லை, ஆபீஸில் என்ன நடக்கிறது என்று தெரியாது. காலையில் தொட்டால் குளிர்ந்தும் மத்தியானம் தொட்டால் சூடாகவும் இருக்கிற மெஷினைத்தான் தெரியும். அது இல்லாமல் எவன் எங்கே போய் ஃபேன் செய்துவிட முடியும் என்று நினைத்தோம்.

முறை வைத்து வாசலில் உட்கார்ந்தோம். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தோம் என்றால் மிகையில்லை. வெளியே போகிற ஒரு வண்டியையும் விடவில்லை. குப்பை வண்டியைக் கம்பால் குத்திப் பார்த்தோம். கேன்டீனின் காலிப் பாத்திரங்களை மூடி திறந்து பார்த்தோம். மேனேஜரின் கார் டிக்கியைக்கூடத் திறக்கச் சொன்னாள் ரேடியோ. வைண்டிங் மெஷினை டிக்கியில் வைக்க முடியுமா என்று அவர் கேட்டார். காலை மட்டும் கழற்றி எடுத்துப் போகலாமே என்றாள்.

அண்ணனோடு யாரும் பேசவில்லை. கேன்டீனில் அவன் உட்கார்ந்தால் அந்த பெஞ்சு காலியாகிவிடும். அவன் டூல் பெட்டியில் யாரோ 'கழுத்தறுப்பான்' என்று எழுதி வைத்தார்கள், அதுவும் மஞ்சள் பெயின்டில். அதை அவன் துணியால் துடைத்துக்கொண்டிருந்ததை நான் தூண் பக்கத்தில் நின்று பார்த்தேன். நன்றாக வேண்டும் என்று ஒரு மனசு சொன்னது. என் கட்டிலைத் தூக்கிக்கொண்டு தனியாக மாடி ஏறியவன் என்று இன்னொரு மனசு சொன்னது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடமிருந்துதான் பேச்சு கிளம்பியது என்று அவனுக்குத் தெரியாமல் இருக்காது. வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு செய்யாதவன் என்றால் கேட்டிருப்பான் என்று அதற்கும் ஒரு கணக்குப் போட்டேன்.

வாரங்கள் ஓடின. ஒரு மெஷினும் நகரவில்லை. செயலாளர் மீசையைத் தடவிக்கொண்டு நடந்தார். நாங்களும் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தோம். வேலை மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. செம்புக் கம்பி சரியாக வருவதில்லை. முன்பெல்லாம் என் பக்கத்தில் கம்பி உருளைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருக்கும். பிறகு ஒன்றிரண்டு. மத்தியானத்துக்கு மேல் அதுவும் இல்லை. மார்க்கெட் மந்தம் என்றார் சூப்பர்வைசர். கம்பி இல்லாத நேரத்தில் நாங்கள் மெஷினைத் துடைத்து வைத்துவிட்டு வாசல் காவலுக்குப் போய் உட்கார்ந்தோம். நாளெல்லாம் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த எனக்கே அது உறைக்கவில்லை. எது வெளியே போகிறது என்று பார்த்தோமே தவிர, எது உள்ளே வரவில்லை என்று பார்க்கவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கேட்டில் புதுப் பூட்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு அறிவிப்பு. கம்பெனி மூடப்பட்டது, சேர வேண்டியது வீட்டுக்கு வரும் என்று இருந்தது. எங்கள் வாட்ச்மேனைக் காணோம், முன்பின் பார்க்காத ஆட்கள் உள்ளே நின்றார்கள். செயலாளர் கேட் கம்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டு, மெஷினெல்லாம் உள்ளேதானே இருக்கு, உள்ளேதானே இருக்கு என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

கொஞ்ச நேரத்தில் ரேடியோ போனில் ஒரு வீடியோ காட்டினாள். அந்த மாநிலத்தில் எங்கள் கம்பெனியின் புதுக் கட்டிடம். அங்கத்து அரசாங்கம் இடம் கொடுத்து, வரிச் சலுகை கொடுத்து, மெஷின் வாங்கவும் உதவி செய்திருக்கிறது. ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆகிவிட்டதாம். பளபளவென்று மெஷின்கள், ஒவ்வொன்றுக்கு முன்னாலும் எங்கள் நீல யூனிஃபார்மில் ஒரு பெண். அவர்கள் பக்கத்தில் கம்பி உருளைகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் வந்தது. அது நியாயமில்லை என்று தெரிந்துதான் வந்தது. எங்கள் மெஷினை எடுத்துப் போகிற லாரிக் கூலிக்குக்கூடத் தேறாது என்று விட்டுவிட்டார்கள். நாங்கள் காவல் காத்தது காயலான் கடைச் சரக்கை.

அண்ணன் கூட்டத்துக்குக் கொஞ்சம் தள்ளி நின்றான். யாரும் காட்டாததால் நான்தான் என் போனில் வீடியோவைக் காட்டினேன். முழுவதும் பார்த்தான். மறுபடி பார்த்தான். மெஷின்களின் காலையே பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு மேனேஜருக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நின்றதும் மறுபடி போட்டான். அங்கே நின்ற யாரும் அவனைத் திட்டவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகும் அவன் கீழே உட்காரவில்லை. மாடிக்கு வந்தான், பின்னாலேயே அண்ணியும் வந்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்திருக்கவில்லை. கட்டிலில் உட்கார்ந்து அவனே சொல்ல ஆரம்பித்தான். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டாராம். எல்லா மெஷினும் போகிறது, பூட்டுவதற்கு நீதான் வேண்டும், அங்கே உனக்கு நிரந்தர இடம், குவார்ட்டர்ஸ் உண்டு, வெளியே மூச்சு விடாதே என்றாராம். இவன் ராத்திரி ஷிஃப்டில் உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினுக்கும் குறி போட்டிருக்கிறான். நடுவில் திட்டம் மாறிவிட்டதா, இல்லை முதலிலிருந்தே எங்களை மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்க வைக்கத்தான் பெயின்ட் டப்பாவைக் கொடுத்தார்களா, அவனுக்கும் தெரியவில்லை. எனக்கு இரண்டாவதுதான் என்று படும். என் புத்தி அப்படி.

"தொட்டி பாக்க வந்தவரு?" என்றேன்.

"வீடு பாக்க வந்தவரு. வேண்டாம்னு சொல்லிட்டேன். விக்கலை."

அந்த ஆளை நானே ஒருமுறை நேரில் போய்க் கேட்டுவிட வேண்டும் என்று உடனே நினைத்துக்கொண்டேன். நீ இங்கேயே இருந்துக்கலாம் என்றான். அதையும் பத்திரமாக ஒரு ஓரத்தில் வைத்தேன், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. ஆனால் மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது வேறு ஒன்று. அது வேலையைப் பற்றியதும் இல்லை, வீட்டைப் பற்றியதும் இல்லை. அதைக் கேட்டால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கேட்டேன்.

"அண்ணா, உனக்கு அங்க இடம் தர்றேன்னு சொன்னாரே, அப்ப என் தங்கச்சியும் இருக்கா, அவளுக்கும் ஒரு இடம் கொடுங்கன்னு ஒரு வார்த்தை கேட்டியா?"

அண்ணி அவசரமாக ஏதோ சொல்ல வந்தாள். கேட்டார், கேட்டார், அவங்கதான் முடியாதுன்னுட்டாங்க என்று சொல்லப்போகிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. அண்ணன் கையைக் காட்டி அவளை நிறுத்தினான். என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"கேக்கல," என்றான்.

அவன் சொன்னதில், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு, யாரிடமும் போய் விசாரிக்காமல் நான் அப்படியே நம்பியது அந்த ஒரு வார்த்தையைத்தான்.